காலண்டரில் வெளுத்த அமெரிக்கர்

அமெரிக்கரை வரவேற்பதற்காக நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அந்த நாற்பது நிமிடமும் அமெரிக்கர் எங்கள் கூடவே நின்று அமெரிக்கருக்காகக் காத்திருந்தார்.

மிகைப்படுத்தவில்லை. டைரியில் இருக்கிறது. மதுரை பஸ் வந்த நேரம் 10.20. விஷயம் விளங்கிய நேரம் 11.00. தேதியும் வருடமும் எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அறுபதுகளின் முன்பாதி, பங்குனி மாதம், பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது என்பது வரை உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் ஊர் காரியாபட்டிக்கும் மல்லாங்கிணறுக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வேப்பமரத்தடியில் ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், விருதுநகரிலிருந்து தருவித்த ரோஜா மாலை, முக்காலியில் கேமராவை நிறுத்தி வைத்திருந்த ஸ்டூடியோக்காரர். எல்லாருக்கும் முன்னால் பஞ்சாயத்துத் தலைவர் வெங்கிடசாமி மாமா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊரின் ஒரே பருத்தி அரவை மில்லுக்குச் சொந்தக்காரர். அந்த மில்லில் நான் கிளார்க். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அமெரிக்க அரசாங்கம் நம் கிராமங்களுக்குத் தொண்டர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம். கோழி வளர்ப்பு சொல்லித்தர எங்களுக்கும் ஒருவரை மாமா அலைந்து திரிந்து வாங்கியிருந்தார். அவர் ஜீப்பில் வருவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அமெரிக்கர் பஸ்ஸில் வருவார் என்று யாருக்குத் தோன்றும்?

10.20 பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். மாநிறம். நடுத்தர உயரம். சுருட்டைக் கறுப்பு முடி, கச்சிதமான மீசை, தோளில் தகரப்பெட்டி. கைகூப்பி, "வணக்கம். நான் ரூபன்" என்றார். அருப்புக்கோட்டைப் பக்கம் மட்டும் எனக்கு இரண்டு ரூபன்களைத் தெரியும். இரண்டு பேருமே வாத்தியார்கள். துரைக்கு முன்னால் ஆபீசிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, சரியான நேரத்துக்கு வந்தீக. இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிங்க. துரை இறங்கினதும் எங்கிட்ட நீட்டணும்."

ரூபன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மாலைத் தட்டை வாங்கிக்கொண்டார். உள்ளூர் வழக்கம் எதையும் மறுக்கக் கூடாது என்று, தமிழ் கற்றுக்கொடுத்த பயிற்சியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்களாம். வந்தவர் தன் மாலையைத் தானே சுமந்து நிற்பதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

பதினொரு மணிக்கு, ஊரில் ஆங்கிலம் தெரிந்தவன் என்ற உரிமையில், அமெரிக்கர் எப்போது வருவார் என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது நான்தான் என்று நம்புகிறேன் என்று மிகவும் பணிவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

நாகஸ்வரக்காரர் வாயில் வைத்திருந்த சீவாளியை எடுத்துவிட்டார். மாமா, வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர் முகத்தோடு, வாடிய மாலையை எடுத்து அவருக்குப் போட்டுக் கைகுலுக்கினார். ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார்.

நயம் சரக்கு

மாமாவுக்குக் கோழி முக்கியமில்லை. காலண்டர் முக்கியம்.

விருதுநகர்க் கடைகளில் எல்லாம் முருகனும் லட்சுமியும் தொங்கினார்கள். தன் மில் காலண்டரில், தான் ஓர் அமெரிக்கரோடு கைகுலுக்கி நிற்க வேண்டும், கீழே 'உலக நட்பு' என்று எழுதியிருக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. சிவகாசியில் அச்சகம் பேசி முடித்து, ஆர்டரும் கொடுத்தாகிவிட்டது. அமெரிக்கர் மட்டும்தான் பாக்கி. அவர்தான் இப்படி வந்து இறங்கியிருந்தார்.

போட்டோ பிரதி வந்த அன்று மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பருத்தி மாதிரியைப் பிரித்துப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நெறம் மாப்ள. இதுல எவன் அமெரிக்காக்காரன்னு ஊரு கேக்காது?"

எங்கள் வட்டாரத்தில் பருத்தியானாலும் மிளகாயானாலும் கையில் எடுத்து, நிறம் பார்த்து, நயம் சரக்கா மட்டமா என்று சொல்வார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அப்புறம். மாமா முப்பது வருடம் இந்தத் தொழில் செய்தவர். கண் அதற்கே பழகியிருந்தது.

ரூபனும் ஒத்துழைக்கவில்லை. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கையால் சாப்பிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒருநாள் காட்டுப் பக்கம் போனவர், பெண்களோடு நிரையில் இறங்கிப் பருத்தி எடுக்க ஆரம்பித்தார். பழகிய கை. அவர்களைவிட வேகம். டெக்சாஸில் அவர் குடும்பமே ஊர் ஊராகப் போய்ப் பருத்தி எடுத்தவர்கள், எடுப்பு முடிந்த பிறகுதான் தன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள் என்று அவர் சொன்னதும், அந்தப் பெண்களுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. கூலிக்குப் பருத்தி எடுக்க அமெரிக்கா வரைக்குமா போக வேண்டும் என்று கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், மக்காச்சோளம்.

கோழித் தீவனம்

கோழிகளுக்கு என்று மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக வந்திருந்தது. ரூபன் அதில் ஒரு படியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, மறுநாள் தோலைக் கசக்கிக் கழுவினார். பிறகு எங்கள் அம்மியின் முன் மண்டியிட்டு அரைத்தார். அவர் அம்மா வீட்டு அம்மிக்கு மூன்று கால் உண்டாம், மற்றபடி இதேதானாம். மாவைத் தட்டித் தோசைக்கல்லில் போட்டு எடுத்தார்.

அம்மா முதல் ரொட்டியைக் கோழிக்குப் போட்டுப் பார்த்தார். கோழி சாகவில்லை. இரண்டாவதை அவரே மிளகாய்த் துவையலோடு சாப்பிட்டார். அதன்பின் வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் சோள ரொட்டி.

அரைத்துக்கொண்டே ரூபன் பேசுவார். அவர் வீட்டில் ஸ்பானிஷ், வெளியில் ஆங்கிலம், வாயில் இரண்டும் ஒரே வாக்கியத்தில். பள்ளி மைதானத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக ஓர் ஆசிரியை அவர் உள்ளங்கையில் மர அளவுகோலால் அடித்திருக்கிறார். சரி, மெக்சிகோவில் இருக்கிற பெரியப்பா மகன்களிடமாவது போய்ப் பேசலாம் என்று போனால், அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம், இது என்ன ஸ்பானிஷ் என்று.

இவர்களைப் போன்ற மெக்சிகோ வம்சத்து அமெரிக்கர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: சிக்கானோ. அவர் அப்பாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது, கீழ்த்தரமாக ஒலிக்கிறதாம். அதனாலேயே தனக்குப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்றார் ரூபன்.

"நாங்க எங்கேயிருந்தும் வரலை. எங்க கொள்ளுத்தாத்தா போட்ட வேலி போட்ட இடத்துலயே இருந்துச்சு. மெக்சிகோவுல இருந்த டெக்சாஸை அமெரிக்கா எடுத்துக்கிச்சு, நாடுதான் மாறிப் போச்சு. ஆனா கடையில, பஸ்ல, எங்க போனாலும் கேப்பாங்க, உன் நாட்டுக்கு எப்பப் போறேன்னு."

புறப்படும்போது அவர் அப்பா சொன்னாராம்: அங்கே போனாலாவது உன்னை யாரும் கேட்கமாட்டார்கள், அங்கே நீ அமெரிக்கன்தான். இரண்டு வருடத்தை முழுதாக முடித்து ஊர் திரும்பி, அப்பா சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் கொண்டுவந்திருந்த ஒரே லட்சியம். கோழிகூட அதற்கு அடுத்ததுதான்.

அம்மாவின் பதில்

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வெங்கிடசாமி மாமா வீட்டிலும் அதுதான். நானூறு ஐநூறு வருடமாக இந்தக் கரிசல் காட்டில் இருக்கிறோம். அம்மாவின் வாக்கியம் தெலுங்கில் கிளம்பும், நடுவில் லோடு, பஸ் என்று நின்று ஆள் ஏற்றும், தமிழில் போய் இறங்கும்.

ஒருமுறை திருப்பதியில் வளையல் வாங்கப் போனோம். அம்மா வாயைத் திறந்ததும் கடைக்காரர் தன் மனைவியை உள்ளேயிருந்து அழைத்தார். இவர்கள் பேசுவதைக் கொஞ்சம் கேள் என்று. விலையைக் குறைக்கவில்லை, சிரிப்பை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள்.

இன்னொருமுறை மதுரை ஓட்டலில் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து மேஜைக்காரர், மொழிச் சூடு ஏறியிருந்த காலம், "நீங்க எல்லாம் உங்க ஊருக்கு எப்பத்தான் போறதா இருக்கீங்க?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "சாப்பிட்டதும் மூணு மணி பஸ்ஸுக்குய்யா" என்றார்.

இதை ரூபனிடம் சொன்னபோது அவர் அம்மிக்குழவியை விட்டுவிட்டுச் சிரித்தார். தன் அப்பாவுக்கு இந்தப் பதில் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

மாமாவுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. அதற்கு அவர் மருந்து வைத்திருந்தார். மேடையேறினால் தமிழை ஊரில் உள்ள அத்தனை தமிழரையும்விட உரக்கப் புகழ்வார். இறங்கி வந்து, மைக் சரியில்லை என்று மைக்செட்காரரைத் தெலுங்கில் திட்டுவார்.

மனு

ஆவணியில் காலண்டர் சீசன் தொடங்கியது. போட்டோ சிவகாசிக்குப் போயிருந்தது. மாமா தூக்கமில்லாமல் மில்லுக்கு வந்தார்.

"டைப் அடி மாப்ள. மதுரையில இருக்கிற அவுக ஆபீசுக்கு. ஆளை மாத்தித் தரச் சொல்லு."

நான் அடித்தேன். ஊரார் சார்பில், தலைவர் கையெழுத்தோடு. அனுப்பப்பட்டவர் பார்வைக்கு அமெரிக்கராக இல்லை. அவர் பெயர் இங்கேயே கிடைக்கிற பெயர். அவர் கூலிக்காரர்களோடு பருத்தி எடுக்கிறார். எங்கள் பகுதிக் கோழிகளுக்கென வந்த தீவனத்தை உண்கிறார். வீட்டில் வேற்று மொழி பேசுபவர் என்று விசாரணையில் தெரிகிறது. ஆகவே பரிசோதித்து, முதல் தர அமெரிக்கர் ஒருவரை அனுப்பித் தருமாறு வேண்டுகிறோம்.

வேற்று மொழி விவகாரத்தை மாமாவிடம் சொன்னவன் நான். தீவனத்தை அம்மாவோடு உட்கார்ந்து தின்றவனும் நான்தான். ரூபனின் அப்பா சொல்லி அனுப்பியது தெரிந்திருந்தும் அடித்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று இத்தனை வருடம் சொல்லிவந்திருக்கிறேன். டைரி வேறு சொல்கிறது. 'மனு மிக நன்றாக அமைந்தது. முதல் தரம் என்ற பிரயோகம் என்னுடையது' என்று அன்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைக் கரையான் தொடவில்லை.

சிவகாசி ரோஸ்

மூன்று வாரம் கழித்து அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. மாமா சுருளைப் பிரித்தார். முகம் மலர்ந்தது.

கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு வண்ணம் ஏற்றுவது அச்சக ஆர்ட்டிஸ்டின் வேலை. சாமி, தலைவர், கல்யாணப் பெண், பவுடர் டப்பா விளம்பரத்துக் குழந்தை, யாரானாலும் அந்தக் காலத்துச் சிவகாசியில் ஒரே ரோஸ் நிறம்தான். 'அமெரிக்கருடன் நமது தலைவர்' என்று ஆர்டரில் எழுதியிருந்ததைப் படித்த ஆர்ட்டிஸ்ட், தன் அறிவுக்கு எட்டிய அமெரிக்கரைப் போட்டுவிட்டார். ரூபனுக்கு ரோஸ் முகம், வைக்கோல் நிற முடி, நீலக் கண். மீசையைக் காணோம்.

பிரதியைக் கொண்டுவந்த கம்பெனி ஆளிடம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சிகப்பா இல்லேன்னா ஆர்டர் திரும்பி வந்துரும் சார். கிருஷ்ணரையே நாங்க பாதி வெளுத்துத்தான் அனுப்புறோம்."

மாமாவுக்கு ரூபன் மேல் இருந்த மனத்தாங்கல் எல்லாம் அந்த நொடியில் தீர்ந்தது. நல்ல பையன், தங்கமான பையன், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். மனுவை வாபஸ் வாங்கி ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அதையும் நான்தான் அடித்தேன்.

அந்தக் கடிதம் தபாலில் போய்க்கொண்டிருந்தபோது, முதல் மனுவின் பலன் ஜீப்பில் வந்துகொண்டிருந்தது.

நான்காக மடித்த காகிதம்

ஜீப்பிலிருந்து இறங்கிய மதுரை ஆபீஸ் அதிகாரி ஆறடிக்கு மேல் உயரம். வெயிலில் கன்றிச் சிவந்த வெள்ளைக்காரர். மாமாவின் கைகள் தானாக மாலை தேடின. கிடைக்காததால், மில்லில் சாமி படத்தில் கிடந்த மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

ரூபனை வரவழைத்தார்கள். அதிகாரி மனுவை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். தலைவரே இப்போது இவர்தான் வேண்டும் என்கிறாரே, பிறகென்ன என்று அதிகாரி மனுவை மடித்தார். எழுந்தவர், மறந்துபோன ஒரு சின்ன விஷயம் நினைவு வந்தவர்போல, எழுத்துமூலம் புகார் வந்துவிட்டதால் கோப்புக்காக மட்டும் ஒன்று வேண்டும் என்றார். ரூபன் அமெரிக்காவில் பிறந்ததற்கான சான்றிதழ்.

சிரிப்பு நின்றுவிட்டது.

ரூபன் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள் மெழுகுத்துணி, அதற்குள் நான்காக மடித்த காகிதம். மடிப்புகள் நைந்து வெளிச்சம் தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. அவர் அதைத் தகரப்பெட்டியில் வைக்கவில்லை, அறையில் வைக்கவில்லை. கோழிக்கொட்டகைக்கும் பருத்திக் காட்டுக்கும் கூடவே கொண்டுபோயிருக்கிறார்.

அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். ரூபன் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். அதிகாரி விட்டுப்போன மனு அவர் கையில் இருந்தது.

"எங்க ஊர்ல இது இல்லாம கடைக்குப் போகக் கூடாதுன்னு அப்பா பழக்கிட்டாரு. இங்க தேவைப்படாதுன்னு அவரே சொன்னாரு."

பிறகு மனுவில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எங்கள் மில் டைப்ரைட்டரில் 'ஆர்' எழுத்து மட்டும் வரியைவிட்டு ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். ரூபனின் கோழிக் கணக்கு அறிக்கைகளை எல்லாம் அதே டைப்ரைட்டரில் நான்தான் அடித்துக் கொடுத்துவந்தேன்.

ஒன்பது நாள் ரூபன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா விசாரித்தார். மாமா வீட்டில் விவரம் தெரிந்துகொண்டு வந்து, ஊறவைத்த சோளத்தை என் முன்னால் வைத்தார்.

"டைப்பு அடிக்கிற கைதானே. அரை."

அரைத்தேன். முக்கால் மணி நேரம். ரொட்டிகள் இலங்கை வரைபடம்போல வந்தன. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரூபன் அறைக்குப் போனேன். மன்னிப்புக்காகப் பாதையெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் அதைச் சொல்லவிடவில்லை.

"மனு இங்கிலீஷ் நல்லா இருந்துச்சு. ரெண்டு இடத்துலதான் தப்பு." ஒரு ரொட்டியை எடுத்து மென்றார். "ரொட்டியில நிறைய."

யார் அமெரிக்காக்காரர்?

மார்கழியில் காலண்டர் வந்தது. ரூபனுக்கு ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கேட்டார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று, அளவுகோலால் அடித்த ஆசிரியைக்கு.

"கடைசியில நான் பாஸாயிட்டேன்னு தெரிஞ்சுக்கட்டும்."

காலண்டர் ஊரெங்கும் தொங்கியது. மாமா ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஆர்ட்டிஸ்ட் தலைவருக்கும் அதே ரோஸையே அடித்து, நரைக்கும் அதே வைக்கோல் நிறத்தையே பூசியிருந்தார். மரியாதையில் குறை வைக்கக் கூடாது அல்லவா? இரண்டு ரோஸ் ஆட்கள் கைகுலுக்கி நின்றார்கள். எவர் அமெரிக்கர் என்று ஊரே கேட்டது.

தை மாதம் ஒரு காலை, பருத்தி விதை விஷயமாக விருதுநகர் வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரில் காலண்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல யாருக்கா அமெரிக்காக்காரரு?"

"ரெண்டும் இல்ல," என்றார் அம்மா. "அமெரிக்காக்காரரு பின்கட்டுல அரைச்சுக்கிட்டு இருக்காரு. வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் எழுந்து போனார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பாத்தேன்க்கா. அங்கன யாரும் இல்லையே. நம்ம ஆளு ஒருத்தன்தான் அரைச்சுக்கிட்டு இருக்கான்."